அப்தெனாகோவின் மூச்சும் குரலும்

"வெதுவெதுன்னு இருக்கணும். கொதிக்கவும் கூடாது, ஜில்லுன்னும் கூடாது. பச்சைக் குழந்தையக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி இருக்கணும்," என்றார் அப்தெனாகோ.

பஸ் ஓட்டும் சாலோ அவரிடம் தண்ணீரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒரு பொட்டலம் ரோஸ்கியா. நிகோயாவுக்குப் போகிற காலை பஸ்ஸை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல மருந்த உறிஞ்சணும். அப்புறம் வாய் நெறைய அந்தத் தண்ணிய ஊத்தி, தொண்டை வரைக்கும் கொண்டுபோய்க் கடகடன்னு கொப்பளிச்சுத் துப்பணும். முழுங்கிடக் கூடாது."

"தோன் அப்தெனாகோ, எனக்கு மூச்சுக் கோளாறே கிடையாது," என்றார் சாலோ, பெரியவர்களுக்குப் போடுகிற 'தோன்' மரியாதையோடு.

"உங்க மாமியாருக்கு இருக்கே."

"அவங்களுக்கு இருக்கிறது கோபம்."

"கோபப்படவும் மூச்சு வேணும்ல? போய்ச் சொல்லுங்க. அவங்களுக்கும் ஊதா நிற இன்ஹேலர்தான் குடுத்திருக்காங்க. நல்லா இருக்குன்னு நிறுத்திடக் கூடாது. நல்லா இருக்கிறதே அதனாலதான்."

பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "சாலோ, வைத்தியம் முடிஞ்சா கிளம்புங்க. இல்லன்னா எங்களுக்கும் ஆளுக்கொரு ரோஸ்கியா வாங்கிக் குடுங்க."

இப்போது ஊரில் இப்படித்தான். அப்தெனாகோவிடம் யார் என்ன பேச்சை ஆரம்பித்தாலும் அது வாய் கொப்பளிப்பதில் போய் முடிகிறது. கோழி விலையைக் கேட்டாலும் அதே, மழை வருமா என்று கேட்டாலும் அதே. ஊரும் பொறுத்துக்கொள்கிறது. இந்த வருஷத்து சான் பிளாஸ் திருவிழாவுக்கு முன்னால் அந்த மனிதர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தவர்கள்தானே.

அப்தெனாகோவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குள்ளமான ஆள், பெரிய மீசை. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் போனார். அதற்குள் அவருடைய அப்பா கையில் மாவைக் கொடுத்துவிட்டார். சோளமாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து, விரலில் சுற்றி வளையமாக்கி, மண்ணடுப்பில் வேகவைத்தால் ரோஸ்கியா. கடித்தால் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டும். காப்பியில் நனைத்தால் கரையாமல் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்த பானை மாதிரி நிற்கிற அந்த அடுப்பின் முன்னால்தான் அவருடைய வாழ்க்கை போயிருக்கிறது. அவர் மனைவி செனெய்தாவைச் சந்தித்ததும் அதன் முன்னால்தான். ரோஸ்கியா வாங்க வந்தவள் உப்பு குறைவு என்று சொன்னாள். சொன்னவளையே உப்புப் போடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ரோஸ்கியாவை விடப் பெயர்பெற்றது அவருடைய கூவல். தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்ததும் முற்றத்துக்கு வந்து, இடுப்பில் கையை வைத்து, "ஊய்ய்ய்யுயுயுய்" என்று ஒன்று விடுவார். தேவாலயத்தைத் தாண்டி, கரும்புக் காட்டைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர்களுக்கும் அது கேட்கும். ஊரில் அதைக் கேட்டுத்தான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

ஆட்டம்பாட்டம் நடக்கிற இடத்திலும் அவரைத்தான் தேடுவார்கள். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற மரிம்பா உச்சத்துக்குப் போகும்போது யாராவது "பொம்பா!" என்று கத்தினால் வாசிப்பவர்கள் கையை நிறுத்திவிட வேண்டும். கத்தியவர் அந்த இடத்திலேயே நாலு வரிப் பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கேலியாக இருக்கலாம், காதலாக இருக்கலாம், எதுகை மட்டும் பிசகக் கூடாது. மூச்சு விடாமல் நாலு வரியையும் சொல்லி, கடைசியில் கூவலையும் சேர்த்துவிடுவது அந்த ஊரில் அப்தெனாகோ ஒருவர்தான்.

அந்த மூச்சுக்குத்தான் சிறுவயதிலேயே ஆஸ்துமா. காற்று வீசும் மாதங்களில் நெஞ்சில் பூனைக்குட்டி கத்தும். அதன்மேல் ஐம்பது வருஷத்து அடுப்புப் புகை. சட்டைப்பையில் நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் இருக்கும். முடியாதபோது இரண்டு தடவை அடித்துக்கொள்வார், சரியாகிவிடும். போன மழைக்காலத்தில்தான் அந்த நீலமும் போதாமல் போனது. மாவு மூட்டையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கக் காப்பி ஆறுகிற நேரம் ஆனது. ஊர் மருத்துவ நிலையத்து டாக்டரம்மா ஊதிப் பார்க்கச் சொன்னாள், பார்த்தாள், ஊதா நிறத்தில் புதிதாக ஒன்று கொடுத்தாள்.

"இதுல ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு. காலையிலயும் சாயந்திரமும் உறிஞ்சணும். மூச்சு நல்லா இருக்கிற அன்னைக்கும் உறிஞ்சணும். முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து செனெய்தாவுக்கு அவர் அதைத் தன் பாஷையில் விளக்கினார். "ஒண்ணு புகைபோக்கியத் திறந்துவிடும். அது உடனே தெரியும். இன்னொண்ணு உள்ள படிஞ்ச கரியக் கொஞ்சங்கொஞ்சமாச் சுரண்டும். அது நம்ம எல்மெர் மாதிரி. வேலை நடக்குதான்னே தெரியாது, ஆனா ஒருநாள் பாத்தா முடிஞ்சிருக்கும்." எல்மெர் அவருடைய மருமகன்.

மருந்தை அவர் ஒருவேளை கூட விடவில்லை. கொப்பளிப்பதைத்தான் விட்டார்.

மறந்து விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது. காலை மருந்தை அடுப்புத் தணலை இழுத்துப் போட்ட கையோடு உறிஞ்சுவார். உடம்பெல்லாம் அனலாக இருக்கும். உறிஞ்சிய சிறிது நேரத்தில் விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அப்படியானால் மருந்தும் சூடு. சூட்டின்மேல் தொட்டித் தண்ணீரைப் பச்சையாக வாயில் ஊற்றுவதா? அந்தப் பக்கத்து ஊர்களில் இஸ்திரி போட்ட பெண் ஈரத்துணியைத் தொட மாட்டாள். அடுப்பில் நின்றவன் ஐஸ்பெட்டியைத் திறக்க மாட்டான். சூட்டோடு குளிர் மோதினால் பாஸ்மோ அடிக்கும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அப்தெனாகோவின் சித்தப்பா ஒருவர் அடுப்பை விட்டு நேராகப் போய் முகம் கழுவியவர். சாகும்வரை பாதி வாயால்தான் சிரித்தார். டாக்டரம்மா தலைநகரத்துப் பெண், அவளுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று அப்தெனாகோ மனதுக்குள் மன்னித்துவிட்டார்.

மூச்சு நன்றாகவே திறந்தது. கல்லறை மேட்டை நிற்காமல் ஏறினார். ஏறியதை இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் நவம்பர் மாதக் கடைசியில், தட்டை இழுத்துவிட்டு முற்றத்தில் நின்று கூவினால், துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

குரல் போன அந்தச் சமயத்தில்தான் பேத்தி வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மகள் தமாரிஸுக்குப் பெண் குழந்தை. சொல்லி மாளாது அந்த அழகை. தலை நிறையக் கறுப்பு முடி, நெற்றியில் ஏற்கெனவே ஒரு யோசனைச் சுருக்கம், மூடிய கைக்குள் யாருடைய விரல் அகப்பட்டாலும் சாயந்திரம்வரை விட மாட்டாள். அப்தெனாகோ அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அடுப்பைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டு, "எனக்குப் பேத்தி பிறந்திருக்கா," என்று அடுப்பிடமே சொன்னாராம். செனெய்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டில் முதல் பேரக்குழந்தை பிறந்தால், பெயரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். வெளியாட்கள் 'பொம்மை' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த சான் பிளாஸ் திருவிழா அன்று சாயந்திரம், ஊர்த்திடலில், மரிம்பாவை நிறுத்தி, தாயின் அப்பா ஒரு பொம்பா சொல்வார். அதன் கடைசி வார்த்தை குழந்தையின் பெயராக இருக்கும். அன்றைக்குத்தான் அந்தப் பெயர் ஊருக்குச் சொந்தம். தாயின் அப்பாவால் முடியவில்லை என்றால் தகப்பனின் அப்பா சொல்வார்.

தகப்பனின் அப்பா பெயர் த்ராங்கிலினோ. மாட்டுக்காரர், மார்பு ஒரு பீப்பாய். அவருக்கு மூச்சிலும் குறையில்லை, சத்தத்திலும் குறையில்லை. பாட்டுத்தான் வராது. எதை ஆரம்பித்தாலும் அதில் அவருடைய காளை வந்து நின்றுவிடும். மகன் கல்யாணத்தில் அவர் சொன்ன பொம்பாவை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"ஆத்தங்கரை ஓரத்திலே பூத்த பூவு,
அதப்போய் மேஞ்சிருச்சு என் காளை."

அதோடு முடிந்தது. மூன்றாவது வரி என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் குழந்தையைப் பார்க்க வந்தபோது அப்தெனாகோ வாசலில் வரவேற்றார். வரவேற்றது மீசை மட்டும்தான், குரல் வரவில்லை.

"என்ன சம்பந்தி, ரகசியம் பேசுறீங்க?" என்றார் த்ராங்கிலினோ.

"சளி," என்றார் அப்தெனாகோ.

"சளியா. சரி, சரி. உடம்பப் பாத்துக்குங்க. திருவிழாவப் பத்திக் கவலையே வேண்டாம். நான் இருக்கேன்ல."

"அதான் கவலை," என்று உள்ளேயிருந்து செனெய்தா சொன்னாள்.

அன்றைக்கு அப்தெனாகோ ஒரு முடிவுக்கு வந்தார். மூச்சைக் கொடுத்த மருந்துதான் குரலை எடுத்துக்கொண்டது. ஆகவே ஊதா இன்ஹேலரை எடுத்து, அலமாரியிலிருந்த சான் பிளாஸ் படத்துக்குப் பின்னால் வைத்தார். தொண்டைக்குக் காவல் புனிதர் அவர்தானே, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆனால் ஜனவரி வந்துவிட்டது. காற்றுக்காலம், ரோட்டில் மண் பறக்கிறது, அறுவடைக்காகக் கரும்புக் காட்டைக் கொளுத்துகிறார்கள், கறுப்புச் சாம்பல் இழை இழையாக வந்து கொடியில் காயும் துணிமேல் உட்காருகிறது. அவர் கொல்லையில் நின்று பேத்திக்கான பொம்பாவைச் சொல்லிப் பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி பாதியில் நின்றது. நீலத்தை அடித்துக்கொண்டு மூன்றாவது வரியைத் தேடினார். இருமல்தான் வந்தது.

மூச்சு மோசமானால் படத்துக்குப் பின்னாலிருந்து ஊதாவை எடுப்பார். குரல் போய்விடும். குரல் போனால் மறுபடியும் படத்துக்குப் பின்னால் வைப்பார். மூச்சு போய்விடும். ஒன்றிருந்தால் ஒன்றில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, செனெய்தாவுக்குத்தான் காது இருக்கிறதே.

"ராத்திரியெல்லாம் உங்க நெஞ்சுல மரிம்பா வாசிக்கிறாங்க. கூலி குடுத்தா கூப்பிட்டிருக்கீங்க?" என்றாள் ஒருநாள் மாவு பிசையும்போது.

"காத்து."

"காத்து வெளிய அடிக்குது. இது உள்ள. சான் பிளாஸ் படத்தத் துடைக்கிறவ யாருன்னு நினைச்சீங்க?"

அப்தெனாகோ மாவை உருட்டினார். "அந்த மாடு மேய்க்கிறவர் என் பேத்தி பேருக்கு முன்னால காளையக் கொண்டுவந்து நிறுத்திடுவார், செனெய்தா," என்றார். கண் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தது. அடுப்புப் புகை அன்று வேறு பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. செனெய்தா அதைக் கவனிக்காத மாதிரி உப்பை அள்ளிப் போட்டாள்.

அந்த வாரமே மருத்துவ நிலையத்திலிருந்து யோர்லெனி வந்தாள். வீடு வீடாகப் போய்ப் புதுக் குழந்தைகளைப் பார்ப்பது அவள் வேலை. தோளில் நீலப் பெட்டி, தலையில் தொப்பி, முகமெல்லாம் ரோட்டு மண். தமாரிஸ் பிள்ளை பெற்றவளுக்கான நாற்பது நாள் அடைப்பில் இருந்தாள். ஜன்னலெல்லாம் மூடி, தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்திருந்தாள். பக்கத்து முக்காலியில் ஒரு பீங்கான் ஜாடியில் வெதுவெதுப்பான தண்ணீர். அடைப்பிலிருப்பவள் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது. குடிக்க, கை கழுவ, பல் விளக்க எல்லாம் அந்த ஜாடித் தண்ணீர்தான். ஆற ஆற செனெய்தா மாற்றி வைப்பாள்.

யோர்லெனி குழந்தையை நிறுத்துப் பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள், விரலால் உதட்டை விலக்கி வாய்க்குள் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. சில குழந்தைங்களுக்கு நாக்குல தயிர் மாதிரி வெள்ளை படியும். இவளுக்கு இல்ல."

"இவளுக்கு எப்படி வரும்," என்றார் வாசற்படியில் நின்ற அப்தெனாகோ, பெருமையாக. சத்தம் சல்லடையில் மணல் விழுகிற மாதிரி இருந்தது.

யோர்லெனி திரும்பினாள். "தோன் அப்தெனாகோ, உங்க கூவல் கேட்டுத்தான் எங்க தெருவுல எல்லாரும் எழுந்திருப்போம். ஒரு மாசமா நான் வேலைக்கு லேட்டு. என்னாச்சு? வாயத் திறங்க பாப்போம்."

"நான் குழந்தையா?"

"அப்பா, பாப்பாவே திறந்துட்டா," என்றாள் தமாரிஸ் கட்டிலிலிருந்து.

மீசையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். யோர்லெனி சின்ன விளக்கை அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"என்ன?" என்றாள் செனெய்தா.

"பேத்திக்கு வரவேண்டியது தாத்தாவுக்கு வந்திருக்கு. நாக்குலயும் அண்ணத்துலயும் ஒரே வெள்ளை. தொண்டை வரைக்கும் போயிருக்கு, அதான் குரல் இப்படி. ஊதா இன்ஹேலர் உறிஞ்சினதும் கொப்பளிக்கிறீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அப்தெனாகோ அடுப்பைச் சொன்னார், நெஞ்சுப் படபடப்பைச் சொன்னார், சித்தப்பாவின் பாதிச் சிரிப்பைச் சொன்னார். சொல்லும்போது சித்தப்பா மாதிரி வாயைக் கோணிக் காட்டவும் செய்தார்.

யோர்லெனி விளக்கை அணைத்துப் பெட்டியில் வைத்தாள். பாஸ்மோவாவது கீஸ்மோவாவது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளும் அந்த ஊர்க்காரிதான். அவளுடைய அம்மா இன்றைக்கும் இஸ்திரி போட்ட நாளில் பாத்திரம் கழுவ மாட்டாள். அவளுமே, யாரும் பார்க்காதபோது, அப்படித்தான்.

"மருந்துல பாதி நெஞ்சுக்குப் போகுது," என்றாள் மெதுவாக. "மீதி வாயிலயும் தொண்டையிலயும் ஒட்டிக்குது. அத அப்படியே விட்டா வெள்ளை படியும். கழுவி வெளியேத்தணும், அவ்வளவுதான். மருந்த நிறுத்தினா மூச்சு போகும், நிறுத்தவே கூடாது. ஆனா தண்ணி... தண்ணிக்கு என்ன செய்யறது..."

"அப்பா," என்றாள் தமாரிஸ். காதில் பஞ்சு இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள். "இங்க நான் மூணு வாரமா இந்த ஜாடித் தண்ணியிலதான் வாய் கொப்பளிக்கிறேன். எனக்கு வாய் கோணிச்சா? பிள்ளை பெத்த உடம்ப விட அடுப்புல நிக்கிற உடம்பு என்ன அதிகச் சூடா?"

அப்தெனாகோ ஜாடியைப் பார்த்தார். அதிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

"வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்லையா?" என்று யோர்லெனியிடம் கேட்டார்.

"தண்ணின்னா தண்ணிதான், தோன் அப்தெனாகோ. எந்தச் சூட்டுல இருந்தாலும் மருந்துக்குக் கோபம் வராது."

செனெய்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு மாசமா இதே தண்ணிய நான் இவர் முன்னாலயே தூக்கிட்டுப் போறேன், வர்றேன்," என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜாடி தேடப் போனாள். இரண்டு மாதமெல்லாம் ஆகவில்லை, மூன்று வாரம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளைத் திருத்த யாருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா எழுதிக் கொடுத்து, யோர்லெனி ஒரு சொட்டு மருந்து கொண்டுவந்தாள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற அதே மருந்து. புட்டியின் மேல் சிரிக்கிற குழந்தைப் படம். நாலு வேளையும் அதை வாயில் விட்டுச் சுழற்ற வேண்டும். இன்ஹேலரில் பொருத்தி உறிஞ்ச ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தாள், மருந்து அதிகமாக நெஞ்சுக்கும் குறைவாகத் தொண்டைக்கும் போவதற்காக. இன்னொன்றும் சொன்னாள். தணலை இழுக்கும் வேலை இனி அவருக்கு வேண்டாம். அதைக் கேட்டதும் அப்தெனாகோவின் முகம் விழுந்துவிட்டது. எல்மெர்தான் முன்வந்தான். முதல் இரண்டு தட்டும் கரி. மூன்றாவது தட்டிலிருந்து செனெய்தா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "உப்பு சரி," என்றாள். எல்மெருக்கு அது போதும் என்று தோன்றியது.

அப்புறம் அந்த வீட்டில் ஒரே நேர ஒழுங்கு. பேத்திக்குப் பால், தாத்தாவுக்குச் சொட்டு. பேத்திக்கு வாய் துடைத்துவிட்டால் தாத்தா வாய் கொப்பளிப்பார். கொப்பளித்ததைச் செம்பருத்திச் செடியடியில் துப்புவார். த்ராங்கிலினோ ஒருநாள் குதிரையில் வந்து வேலியோரம் நின்று இதைப் பார்த்தார்.

"செடிக்கு வைத்தியமா சம்பந்தி?"

"தொண்டைக்கு."

"எப்படி இருக்கு தொண்டை?"

அப்தெனாகோ குரலைச் சோதித்தார். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் மனிதக் குரல். "வந்துக்கிட்டிருக்கு."

"சந்தோஷம்," என்றார் த்ராங்கிலினோ. முகத்தில் பாதி சந்தோஷம்தான் இருந்தது. "நானும் ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கேன். தேவைப்பட்டா. இந்தத் தடவை நாலு வரியும் இருக்கு."

"காளை இருக்கா?"

"கடைசியிலதான் வருது."

"கடைசியில பேரு வரணும் சம்பந்தி."

குதிரை நகர்ந்தது. போகிற வழியெல்லாம் அவர் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு போனார்.

திருவிழா வந்தது. காலைப் பூசை முடிந்ததும் பாதிரியார் இரண்டு மெழுகுவத்திகளைச் சிலுவையாகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து சான் பிளாஸ் பெயரில் ஆசீர்வதித்தார். அப்தெனாகோவின் முறை வந்தபோது கழுத்தை நன்றாக நீட்டி, ஒரு தடவை வைத்தது போதாது என்று நகராமல் நின்றார்.

"நகருங்க சம்பந்தி, மத்தவங்களுக்கும் தொண்டை இருக்கு," என்றார் பின்னால் நின்ற த்ராங்கிலினோ.

சாயந்திரம் திடலில் மரிம்பா. எண்ணெயில் பன்றி இறைச்சி வறுபடுகிற வாசனை, சோள மது, பட்டாசு. தமாரிஸின் அடைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அப்தெனாகோ மேடைக்குப் பின்னால் போய், குழாயை வாயில் வைத்து ஊதாவை உறிஞ்சினார். செனெய்தா ஜாடியை நீட்டினாள். கொப்பளித்துத் துப்பினார். மீசையைத் துடைத்துக்கொண்டார். செனெய்தா சட்டைப்பையைத் தட்டி நீலமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அவர் மேடையேறி "பொம்பா!" என்றார். மரிம்பாக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். திடல் அமைதியானது.

"மண்ணடுப்பில் வேகுதடி ரோஸ்கியா,
மணம்பிடிச்சு நிக்குது ஊர் வரிசையா..."

பழைய குரல்தான். எல்லோரும் அதைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் கூட வாலை ஆட்டியது.

"கண்ணுறங்க மாட்டாமக் கத்துறவ..."

அங்கே மூச்சு நின்றது. முன்பெல்லாம் நாலு வரிக்கும் கூவலுக்கும் போதுமாக இருந்த மூச்சு, மூன்று வரியோடு தீர்ந்துவிட்டது. அப்தெனாகோ மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்திருந்தது. காற்றை உள்ளே இழுக்க ஒரு நொடி வேண்டும், இரண்டு நொடி வேண்டும். திடல் காத்திருந்தது. தமாரிஸ் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இப்போது த்ராங்கிலினோ ஏறினால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, வழக்கம் அப்படி.

த்ராங்கிலினோ ஏறவில்லை. நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றி, பீப்பாய் மார்பை நிமிர்த்தி, "ஊய்ய்ய்ய்யுயுயுயுய்" என்று ஒரு கூவல் விட்டார். நீளமான கூவல். மாட்டை மலையிலிருந்து இறக்குகிற கூவல். விடாமல், அப்தெனாகோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தார். மூன்றாம் வரிக்கும் நாலாம் வரிக்கும் நடுவில் அது முன்பே பேசிவைத்தது போல் உட்கார்ந்துகொண்டது. திடலும் அவரோடு சேர்ந்து கூவியது.

அதற்குள் அப்தெனாகோ நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார். கூவல் அடங்கியதும் மேடைக் கம்பை விட்டுவிட்டுக் கையைக் குழந்தையின் பக்கம் நீட்டினார்.

"கைக்குள்ளே வந்துட்டா ஒதீலியா!"

ஒதீலியா, ஒதீலியா என்று திடல் திருப்பிச் சொன்னது. பட்டாசு வெடித்தது. ஒதீலியா விழித்துக்கொண்டு, பாட்டில் சொன்னபடியே, கத்த ஆரம்பித்தாள். மரிம்பா அவளோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டது.

மேடையிலிருந்து இறங்கிய அப்தெனாகோ நேராகச் சம்பந்தியிடம் போனார்.

"உங்க நாலு வரி வீணாப் போச்சே," என்றார்.

"போகட்டும். நாலாவது வரி எனக்கே பிடிக்கல."

"காளைதான?"

"இல்ல. பசு," என்றார் த்ராங்கிலினோ.

இதெல்லாம் நடந்து சில வாரம் ஆகிறது. ஊதா இன்ஹேலர் இப்போது படத்துக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. பக்கத்தில் ஜாடி. கல்லறை மேட்டில் நடுவே ஒரு தடவை நிற்கிறார், ஆனால் நிற்கும்போது பேசிக்கொண்டேதான் நிற்கிறார். பஸ்ஸில் போகிறவர்களுக்கும், மாவு விற்க வருகிறவருக்கும், யாரும் கேட்காமலே தண்ணீரின் பதத்தைச் சொல்கிறார். டாக்டரம்மாவிடமும் சொன்னார். அவள் எழுதி வைத்துக்கொண்டு, அடுப்பில் வேலை செய்கிறவர்கள் வந்தால் இனி அப்படியே சொல்கிறேன் என்றாள்.

இன்று காலை, சாலோவின் பஸ் வருவதற்குச் சற்று முன்னால், எல்மெர் தட்டை வெளியே இழுத்தான். ரோஸ்கியா பொன் நிறத்தில் இருந்தது. அப்தெனாகோ முற்றத்துக்கு வந்து, இடுப்பில் கையை வைத்து, மூச்சை உள்ளே இழுத்தார். கூவ வாய் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒதீலியா கத்தினாள். ஒரே மூச்சில், நீளமாக, தேவாலயத்தைத் தாண்டிப் போகிற கத்தல். எதிர்வீட்டில் காப்பிப் பாத்திரம் அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. அப்தெனாகோ இழுத்த மூச்சை அப்படியே மெதுவாக வெளியே விட்டார்.

"செனெய்தா, ஊருக்குச் சொல்லியாச்சு," என்றார். "நான் போய் வாய் கொப்பளிக்கிறேன்."